நண்டுக்கு எத்தனை கால்? படுவான்கரை முன்பள்ளி ஒன்றில் சித்திரமும் கணிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஒரு முன்பள்ளியில் ஒரு தவணை முழுக்க நடந்த வேலையைப் பற்றியது இந்த எழுத்து. மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள், ஒரே மண்டபம், ஒரு ரீச்சர், அவருக்கு உதவியாக இன்னொரு இளம் ரீச்சர். முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருப்பதால், அந்தத் தவணையில் அடிக்கடி அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எடுத்தேன். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இதில் இல்லை. பையைக் கொழுவும் கொளுக்கிக்கு மேலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். அந்தப் படங்களின் பெயரிலேயே பிள்ளைகள் இங்கே வருவார்கள்: தாமரை, வண்டில், மைனா, முயல்.

ஊரில் பாதிப் பேருக்கு வயல், மீதிப் பேருக்கு வாவி. சில அப்பாமார் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்க ‘பாதை’ என்று சொல்கிற மிதவைதான் இருந்தது. இப்போது நகரத்துக்குப் போய்வருவது லேசு. நகரத்து நேர்சரிப் பிள்ளை கொப்பி நிறைய எழுதுகிறதாம், எங்கள் பிள்ளை ஏன் எழுதவில்லை என்று கேட்கிற வழக்கமும் அதே பாலத்தால்தான் வந்தது என்று ரீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார். இலங்கையில் பாடசாலைக் கல்வி தரம் 1 இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய முன்பள்ளிகள் மாகாண நிருவாகம், உள்ளூராட்சி மன்றம், கோவில், தேவாலயம், கிராமச் சங்கம் என்று பல கைகளில் இருக்கின்றன. அதனால் அன்றாடம் வகுப்பில் என்ன நடக்கும் என்பது பெரும்பாலும் ரீச்சரின் கையில்தான். இந்தக் கதையில் அது நல்லதாகப் போயிற்று.

தாளில் இருந்த ஐந்து

நான் போகத் தொடங்கியபோதும் அங்கே சித்திரத்தோடு சேர்த்துத்தான் எண் சொல்லிக்கொடுத்தார்கள். போட்டோகொப்பி எடுத்த தாள் ஒன்று: மேலே கொழுத்த ஒரு ‘5’, கீழே ஐந்து மாம்பழம். பிள்ளைகள் மஞ்சள் பாஸ்டலை எடுத்து நிறம் தீட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளில் ஐந்துக்குப் பதில் ஆறு மாம்பழம் இருந்திருந்தாலும் பிள்ளையின் கை செய்கிற வேலை கொஞ்சமும் மாறாது. கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டவேண்டும் என்பது மட்டும்தான் அந்தத் தாள் பிள்ளையிடம் கேட்கிற ஒரே விஷயம். கைக்கு நல்ல பயிற்சி, சரி. எண்ணுக்கு அதில் இடமே இல்லை.

தாமரை முப்பது வரை தடையில்லாமல் சொல்வாள். வீட்டில் அம்மம்மா சொல்லிக்கொடுத்தது. ஒரு நாள் ரீச்சர் சிப்பிக் கூடையை நீட்டி, “அஞ்சு சிப்பி எடுத்துத் தாங்க மகள்” என்றார். தாமரை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தாள். “இது அஞ்சா?” என்றதும் விரலை வைத்து ஒண்டு, ரெண்டு என்று ஒன்பது வரை எண்ணினாள். “அப்ப எத்தினை இருக்கு?” என்று கேட்டதும் திரும்ப ஒண்டிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

இதில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். ரொச்செல் கெல்மனும் சாள்ஸ் கலிஸ்டலும் 1978 இல் எழுதிய நூலில், எண்ணுதல் என்ற ஒரே வேலைக்குள் பல அறிவுகள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். சொற்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்லவேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது. எதையும் எண்ணலாம். தாமரைக்கு முதல் இரண்டும் கைவந்துவிட்டன, மூன்றாவது வரவில்லை. ‘இத்தனை தா’ என்று கேட்டுப் பார்க்கிற முறையை 1990களின் தொடக்கத்தில் கரன் வின் தன் ஆய்வுகளில் பயன்படுத்தினார். எண்களை வரிசையாக ஒப்புவிக்கிற பிள்ளையும் மூன்றுக்கு மேல் கேட்டால் அள்ளித் தரலாம் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. ஒப்புவித்தலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் வெளியே தெரியவராது.

அன்று பின்னேரம் நானும் ரீச்சரும் பேசியதில் ஒரு விதி உருவானது. சொன்னவர் அவர்தான், நான் எழுதிக்கொண்டேன். ஒரு சித்திர வேலையைத் தொடங்குமுன் இதைக் கேட்கவேண்டும்: கணக்குத் தெரியாமலே பிள்ளை இதைச் செய்து முடித்துவிடலாமா? முடிக்கலாம் என்றால் அது சித்திரம், தாராளமாகச் செய்யட்டும், ஆனால் பாடக்குறிப்பில் ‘கணிதம்’ என்று எழுதக்கூடாது. எண்ணோ வடிவமோ அளவோ இல்லாமல் பொருள் உருவாகாது என்கிற வேலைகளைத்தான் தேடவேண்டும்.

நண்டு

எல்லோருக்கும் தெரிந்த கையச்சு நண்டில்தான் ஆரம்பம். இரண்டு உள்ளங்கையிலும் சிவப்புப் பூசி, பெருவிரல்கள் நடுவே சேருகிற மாதிரித் தாளில் பதித்தால் பெருவிரல் இரண்டும் கண்ணாகிவிடும், மற்ற விரல்கள் பக்கத்துக்கு நாலு கால். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். வண்டில் மட்டும் தன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுடைய அப்பா வாவியில் நண்டுக்கு வலை போடுகிறவர்.

“ரீச்சர், இதுக்குக் கடிக்கிற கால் இல்ல.”

இளம் ரீச்சர், “இது சும்மா படம்தானே மகன்” என்றார். வண்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கடிக்கிற கால் இல்லாவிட்டால் அது நண்டே இல்லையாம். வேறு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எட்டுத்தான் என்றது ஒன்று, ஆறு என்றது இன்னொன்று, நூறு என்றும் ஒரு குரல் வந்தது. பெரிய ரீச்சர் விடை சொல்லவில்லை. “நாளைக்கு நண்டுட்டயே கேப்பம்” என்று முடித்துவிட்டார்.

மறுநாள் வண்டிலின் அப்பா, கொடுக்கைக் கயிற்றால் கட்டிய ஒரு நண்டை வாளியில் கொண்டுவந்தார். உயிருள்ள நண்டை எண்ணுவது லேசான வேலையில்லை. அது காலை அசைத்துக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒன்பது வந்தது, இன்னொன்றுக்குப் பதினொன்று. எண்ணிய காலையே திரும்ப எண்ணுகிறார்கள், ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தத் தாளாலும் முடியாது. கடைசியில் ரீச்சர் ஊரி, அதாவது சின்னச் சங்கு ஓடு, போட்ட கிண்ணத்தை நடுவே வைத்தார். ஒரு காலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரி. பிள்ளைகள் முறைவைத்து வந்து வைத்தார்கள். எல்லாக் காலுக்கும் வைத்த பிறகு நண்டைத் தூக்கி வாளியில் போட்டாயிற்று, ஊரிகள் மேசையிலேயே இருந்தன. அவை அசையாதல்லவா, நிதானமாக எண்ணினார்கள். பத்து.

அப்புறம்தான் நான் எதிர்பார்க்காத ஒரு சண்டை வந்தது. வாவி நண்டின் கடைசிச் சோடிக் கால்கள் தட்டையாக இருக்கும், நீந்துவதற்காக. “அது கால் இல்ல, துடுப்பு” என்றாள் மைனா. துடுப்பைக் காலோடு சேர்த்து எண்ணலாமா? பெரியவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்று முடிவெடுத்த பிறகுதான் எண்ணத் தொடங்கமுடியும். வகைப்படுத்தல் என்று பயிற்சிக் கையேடுகளில் வருவது இதுதான். ரீச்சர் ஊரிகளைப் பிரித்து வைக்கச் சொன்னார்: கடிக்கிறது இரண்டு, நடக்கிறது ஆறு, துடுப்பு இரண்டு. மறுபடி எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளினால் பத்து. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று பிரித்தாலும் பத்து. பத்தை இத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பதைத் தரம் 1 இல் கூட்டலாகப் படிக்கப்போகிறார்கள். இங்கே அது நண்டின் உடம்பிலேயே இருந்தது.

(நண்டை அப்பா அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். நல்ல பருமன், சந்தையில் விலை போகும். பள்ளிக்கென்று விட்டுவிட அது என்ன ஊரியா?)

அடுத்த கிழமை வயல் களிமண்ணில் நண்டு செய்தார்கள். உடம்பு களிமண், கால் ஈர்க்குத் துண்டு. இந்த இடத்தில் ரீச்சர் சேர்த்த சின்ன நிபந்தனை ஒன்றுதான் முழுத் தவணையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. ஈர்க்குத் தட்டு மண்டபத்தின் மற்றக் கோடியில் இருந்தது. ஒரு பிள்ளை ஒரு தடவைதான் அங்கே போகலாம், தன் நண்டுக்குத் தேவையானதை ஒரே நடையில் எடுத்துவர வேண்டும். பக்கத்தில் தட்டை வைத்திருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டே போகலாம், எண்ணே தேவைப்படாது. தூரத்தில் வைத்ததும் ‘எத்தனை’ என்பதைத் தலைக்குள் சுமந்துகொண்டு நடக்கவேண்டி வந்தது.

முதல் நாள் தாமரை வழக்கம்போல் ஒரு பிடி அள்ளிவந்தாள். நண்டு முள்ளம்பன்றி ஆயிற்று. அவளே பார்த்துச் சிரித்தாள். ரீச்சர் திருத்தவில்லை, “இன்னொரு நண்டு செய்வமா?” என்று மட்டும் கேட்டார். சில நாள் கழித்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, முதலில் ஒரு கையை விரித்துப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றாக ஐந்து ஈர்க்கை எடுத்து அந்தக் கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு மற்றக் கை. விரல்கள் நிறைந்த இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி மெல்ல நடந்துவந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வழி அது. பத்து என்ற தொகைக்கு அவள் தன் கையையே அளவாக்கிக்கொண்டாள்.

மைனா பத்தையும் சரியாகக் கொண்டுவந்து ஒரே பக்கத்தில் குத்தினாள். நண்டு ஒரு பக்கம் சரிந்தது. “விழுகுது ரீச்சர்” என்றவள், கழற்றி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றிக் குத்தத் தொடங்கினாள். சமச்சீர் என்ற சொல்லை அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.

பாய்

கிழக்கில் பன் என்கிற புல்லில் பாய் இழைக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. பள்ளிக்குப் பக்கத்து வீட்டு அம்மம்மா ஒருவர் அதில் கெட்டிக்காரி. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பன் பிள்ளைக் கைக்குக் கடினம், அதனால் பழைய கலண்டர் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார்கள். ஒரு தாளில் நீளவாட்டில் கீறல்கள், அதற்குள் குறுக்கே துண்டுகள். இந்தத் தாள் பின்னல் முன்பள்ளிக்குப் புதிதல்ல. 1837 இல் ஜேர்மனியின் பாட் பிளாங்கன்பேர்க்கில் பாலர் கல்வியைத் தொடங்கிய பிரெடரிக் புரோபல் தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கைவேலைகளில் இதுவும் ஒன்று. அம்மம்மாவுக்குப் புரோபலைத் தெரியாது. “ஒண்டு மேல, ஒண்டு கீழ, வேற என்னகா இருக்கு இதில?” என்றார்.

முதல் வரிசை எல்லோருக்கும் வந்தது. இரண்டாவது வரிசையில்தான் கதை. பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரிசையைப் போலவே மேலே என்று தொடங்கினார்கள். இரண்டு துண்டும் ஒரே பாதையில் போனதால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன, பின்னல் பிடிக்கவில்லை, தாளைத் தூக்கியதும் வழுகி விழுந்தன. இங்கே ரீச்சர் ‘பிழை’ என்று சொல்லத் தேவையே வரவில்லை. துண்டு விழுந்தால் பிள்ளைக்கே தெரிகிறது, ஏன் விழுந்தது என்று பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கிறது. இரண்டாவது வரிசை கீழே என்று தொடங்கவேண்டும் என்று வண்டில் கண்டுபிடித்ததும் அதை மண்டபம் முழுக்க அறிவித்துவிட்டான்.

எல்லாப் பிள்ளைக்கும் அது விளங்கியது என்று எழுதினால் பொய். சில பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பாய் சரி, மேலே கீழே என்று மாறி மாறி வருகிற கோலம் தலைக்குள் போயிற்றா என்பது தெரியாது. அதைப் பார்க்க ரீச்சர் அதே கோலத்தை வேறு பொருளுக்கு மாற்றினார். மேலே என்றால் கைதட்டு, கீழே என்றால் தொடையில் தட்டு. பிறகு சிப்பியும் புளியங்கொட்டையும். கோலடித்து ஆடும் வசந்தன் கூத்தை ஆடுகிற அண்ணன்மார் ஊரில் இருப்பதால் கோல் அடியிலும் ஒரு நாள் செய்தார்கள், சத்தம் தாங்கமுடியவில்லை. தாளில் அழகாகப் பின்னிய இரண்டு பிள்ளைகள் சிப்பியில் தடுமாறினார்கள். தாளில் தடுமாறிய முயல் கோல் அடியில் ஒரு தடவையும் பிசகவில்லை. ஒரே கோலம்தான், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வாசல் வழியாகப் போகிறது. ஒரு பொருளில் மட்டும் பார்த்துவிட்டு ‘விளங்கிவிட்டது’ அல்லது ‘விளங்கவில்லை’ என்று பதிவது அவசரம்.

கொடி

சுவரில் இருந்த வடிவங்களின் படத்தில் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று பக்கமும் சமமாக, உச்சி மேலே பார்க்க. அதே தாள் முக்கோணத்தை ரீச்சர் தலைகீழாகப் பிடித்ததும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் “அது முக்கோணம் இல்ல” என்றார்கள். “பின்ன என்ன?” என்றால், “கொடி.” கோவில் திருவிழாவில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற கொடி கீழ்நோக்கித்தானே இருக்கும்.

நெதர்லாந்துக்காரர்களான பியர் வான் ஹீலவும் அவருடைய மனைவி டீனாவும் 1957 இல் கேத்திரகணித (வடிவியல்) அறிவின் படிகளை விளக்கியபோது, முதற்படியில் இருக்கிறவர்கள் வடிவத்தை முழுத் தோற்றமாகத்தான் பார்க்கிறார்கள், பக்கத்தையும் மூலையையும் பார்ப்பதில்லை என்றார்கள். நம் சுவர்ப் படங்கள் பிள்ளையை அந்தப் படியிலேயே கட்டிப்போடுகின்றன என்பது என் எண்ணம். ஒரே மாதிரி முக்கோணத்தை வருடக்கணக்கில் பார்த்தால் மெலிந்து நீண்டது, சரிந்தது எதுவும் முக்கோணமாகத் தெரியாது.

ரீச்சர் சுவர்ப் படத்தைக் கழற்றவில்லை, கொடிக் கயிறு கட்டத் தொடங்கினார். பிள்ளைகள் தாங்களே தாளைக் கோணல்மாணலாக வெட்டினார்கள். கயிற்றில் ஏற ஒரே நிபந்தனை, மூன்று மூலை இருக்கவேண்டும், மூன்று பக்கமும் நேராக இருக்கவேண்டும். வாசலில் ‘பரிசோதகர்’ ஒருவர் மூலையில் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு அனுமதிப்பார். பரிசோதகர் வேலைக்குத்தான் அடிபிடி. நாலு மூலை வந்துவிட்ட ஒரு துண்டைப் பரிசோதகர் திருப்பி அனுப்ப, அந்தப் பிள்ளை ஒரு வெட்டு வெட்டி அதை இரண்டு முக்கோணமாக்கிக்கொண்டு திரும்பிவந்தது. கயிற்றில் சிவப்பு, மஞ்சள், மஞ்சள் என்று கோலம் வைத்தும் கட்டினார்கள், அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை.

அதே பச்சை

நிறம் கலப்பதில் எண் இருக்கும் என்று தொடக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை. மஞ்சளும் நீலமும் சேர்த்துப் பச்சை வரவைப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. இங்கே ஒரு பெரிய தாளில் எல்லோரும் சேர்ந்து வயல் வரைந்தார்கள், பாதியில் பச்சை முடிந்துவிட்டது. புதிதாகக் கலந்த பச்சை வேறு நிறம், வயல் இரண்டு துண்டாகத் தெரிந்தது. “முந்தின பச்சைதான் வேணும்” என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். முந்திய தடவை எவ்வளவு ஊற்றினோம் என்பது யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகு போத்தல் மூடி அளவாக வந்தது. இரண்டு மூடி மஞ்சள், ஒரு மூடி நீலம். மறந்துவிடாமல் இருக்க ஏதாவது செய்யுங்கள் என்று ரீச்சர் விட்டுவிட்டார். மைனா கிண்ணத்துக்குக் கீழே ஒரு தாளில் இரண்டு மஞ்சள் வட்டமும் ஒரு நீல வட்டமும் போட்டாள். மறுநாள் வேறொரு பிள்ளை அந்தத் தாளைப் பார்த்து அதே பச்சையைக் கலந்தது. இலக்கம் எழுதத் தெரியாத பிள்ளைகள், ஒரு தொகையைக் குறித்துவைத்து இன்னொருவர் அதைப் படிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். ‘2’ என்று எழுதுவது இதற்குப் பிறகு வந்தால் அது வெறும் வளைகோடாக இருக்காது. மைனாவின் அந்தத் தாளை நான் கேட்டேன், தரவில்லை.

வீட்டுச் சமையல் மஞ்சளையும் ஒரு நாள் நிறமாகப் பயன்படுத்தினார்கள். கை கழுவப் போனபோது சவர்க்காரம் பட்டு மஞ்சள் சிவந்ததும் அன்றைய கணிதம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் சவர்க்காரத்தோடுதான் நின்றார்கள். இருக்கட்டும்.

தாளை மடித்துப் பதிக்கிற வண்ணத்துப்பூச்சியும் செய்தார்கள். பார்க்க அழகு, ஆனால் மடிப்பே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது, பிள்ளை யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பக்கம் மட்டும் ரீச்சர் பொட்டு வைத்து, மற்றப் பக்கத்தில் எங்கே விழும் என்று மடிக்குமுன் காட்டச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் உயிர் வந்தது.

இதில் இருக்கிற சில்லறைச் சிக்கல்களையும் சொல்லவேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளைகளோடு ஊரி, புளியங்கொட்டை வைத்து வேலை செய்வது ஆபத்து, மூக்கிலும் வாயிலும் போய்விடும். அவர்களுக்குப் பெரிய சிப்பியும் சிரட்டையும்தான் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை குன்றிமணி கொண்டுவந்தது. எண்ணுவதற்கு ஆசையான நிறம், ஆனால் கொடிய நஞ்சு. ரீச்சர் உடனே வாங்கிவிட்டு, எந்தப் பிள்ளையும் கொண்டுவரக்கூடாது என்று வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார். களிமண் நாட்களில் மண்டபம் துப்புரவாக அரை மணித்தியாலம் போகும். துடைக்கிறதையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த பிறகுதான் இளம் ரீச்சரின் முகம் தெளிந்தது.

கொப்பியில் ஒன்றும் இல்லை

தவணை நடுவில் அம்மாமார் கேட்கத் தொடங்கினார்கள். “ரீச்சர், புள்ள கொப்பில ஒண்டும் எழுதிட்டு வரல்லையே, களிமண்தான் கொண்டு வாறா” என்று தாமரையின் அம்மா படலையிலேயே பிடித்துக்கொண்டார். அவரைப் பிழை சொல்ல முடியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வாசல் வரை விழுகிறது. ஒன்றிலிருந்து நூறு வரை எழுதத் தெரிந்தால் பிள்ளை முந்திவிட்டது என்று பெற்றோர் நினைப்பது இயல்பு.

கணிதத்தில் அக்கறை காட்டுவதில் அவர்கள் சரியான பக்கத்தில்தான் நிற்கிறார்கள். கிரெக் டங்கனும் குழுவினரும் 2007 இல், அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் ஆறு நீண்டகால ஆய்வுத் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாடசாலை சேரும் வயதில் பிள்ளைக்கு இருக்கிற கணித அறிவுதான் பிற்காலக் கல்வி அடைவோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டியது, வாசிப்பு அதற்கு அடுத்துத்தான் வந்தது. ஆனால் அந்தக் கணித அறிவு நூறு வரை எழுதுவதோடு முடிகிற ஒன்றல்ல. எது கூட, எது குறைய, எத்தனை, எந்த வடிவம் என்பதெல்லாம் அதற்குள் வருகிறது.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், மறுநாள் திரும்பவும் கொப்பிதான். ரீச்சர் வேறு வழி எடுத்தார். அம்மாமாரைக் காலையில் உள்ளே கூப்பிட்டு ஆளுக்கொரு களிமண் உருண்டை கொடுத்து நண்டு செய்யச் சொன்னார், அதே நிபந்தனையோடு: ஒரே நடை. பல அம்மாமார் எட்டு ஈர்க்கோடு வந்தார்கள். பிள்ளைகள்தான் திருத்தினார்கள். “கடிக்கிறது எங்கம்மா?” என்று தாமரை கேட்டதும் படலையில் கேள்வி கேட்ட அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கேள்விகள் முற்றாக நின்றன என்று சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையை நகரத்து நேர்சரிக்கு மாற்றினார்கள்.

தவணை முடிவில்

முதலில் செய்த அதே ‘இத்தனை தா’ சோதனையை, சிப்பிக்குப் பதில் சட்டைப் பட்டனை வைத்துக் கடைசிக் கிழமையில் செய்தோம். பழகிய பொருளாக இருந்தால் பழக்கத்தில் செய்துவிடுவார்கள் என்பதற்காக மாற்றினோம். மூத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஐந்தைச் சரியாக எடுத்தார்கள், சிலர் எட்டு வரை போனார்கள். இளையவர்கள் இரண்டு, மூன்றோடு நின்றார்கள், அந்த வயதுக்கு அது போதும். தாமரை ஏழு கேட்டதற்கு ஏழு தந்தாள். “எத்தினை?” என்றதும் திரும்ப எண்ணாமல், இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்து “ஏழு” என்றாள்.

இதை முழுக்கச் சித்திர வேலையின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. ஒரு தவணை என்பது நாலு வயதுப் பிள்ளைக்கு நீண்ட காலம், சும்மா இருந்தாலும் வளரும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வகுப்பு எங்களிடம் இருக்கவில்லை. நிறம் தீட்டுகிற தாளோடு இருந்த காலத்தில் எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதே ரீச்சருக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது பிள்ளைவாரியாகச் சொல்கிறார். நிச்சயமாக மாறிய விஷயம் அது. அவருடைய குறிப்புப் புத்தகத்தில் ‘நன்று’, ‘மிக நன்று’ எல்லாம் போய், ‘நாலு வரை எடுக்கிறான், எண்ணும்போது இரண்டாவதை இரு தடவை தொடுகிறான்’ என்ற மாதிரி வரிகள் வந்திருக்கின்றன.

முயல் இன்னும் அள்ளித்தான் தருகிறான். கோல் அடியில் பிசகாத அதே முயல். அவனுக்கு ஐந்து வேண்டாம், மூன்றிலிருந்து தொடங்கலாம் என்று ரீச்சர் முடிவெடுத்திருக்கிறார்: மூன்று கல் அடுப்பு, மூன்று சக்கர ஓட்டோ, மூன்று மூலைக் கொடி. தாளத்தில் நல்ல பிடிப்பு இருப்பதால் மூன்று அடி, ஒரு நிறுத்தம் என்று கோலோடு சேர்த்துப் பார்க்கவும் யோசனை.

வருட முடிவுக் கண்காட்சிதான் பாக்கி. வழக்கமாக அதற்கு ரீச்சர்மார் இரவிரவாக இருந்து பிள்ளைகளின் வேலையை ‘ஒழுங்காக்கி’ வைப்பார்கள். ஒன்பது கால் நண்டு எல்லாம் பத்துக் காலாகிவிடும். இந்தத் தடவை ஒன்றையும் தொடுவதில்லை என்று பெரிய ரீச்சர் சொல்லிவிட்டார். இளம் ரீச்சருக்கு அதில் இன்னும் முழுச் சம்மதமில்லை, பார்க்க வருகிற அதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்கிறார். இரண்டு பேரும் பேசி, ஒவ்வொரு நண்டுக்குப் பக்கத்திலும் அதைச் செய்த பிள்ளை சொன்னதை அப்படியே ஒரு துண்டில் எழுதி வைப்பது என்ற அளவில் இப்போதைக்கு நிற்கிறார்கள்.